சம்மனசுவின் பிளசரும் பின்கண்ணாடி ரப்பரும்

உப்பூரணியில் அந்த வருசம் மழை பெய்தது ஒரே ஒரு இடத்தில்தான், அது சம்மனசுவின் பிளசர் காருடைய பின்சீட். வேறெங்கும் பெய்யவில்லை என்பதற்கு ஊரே சாட்சி, அங்கே பெய்தது என்பதற்கும் ஊரே சாட்சி, ஆகவே இதில் பொய்க்கு இடம் இல்லை.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலும் வேண்டாம் கரையும் வேண்டாம் என்று நடுவில் உட்கார்ந்துவிட்ட ஊர் உப்பூரணி. பேரில் மட்டும்தான் ஊரணி, ஊருக்குள் இருப்பது அதனுடைய வறண்ட பள்ளம். கிணறு வெட்டினால் வருகிற தண்ணீரில் சோறு பொங்கினால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஆட்டின் கறியைக் காய வைக்காமலே உப்புக்கண்டம் என்று வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போவார்கள். குடிக்கிற தண்ணீர் வருவது தவசிலிங்கத்தின் டேங்கர் லாரியில். லாரி எப்போது வரும் என்பது லாரிக்கும் தவசிலிங்கத்துக்கும் மட்டுமே தெரியும், வந்துவிட்டால் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளும் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குடத்தோடு ஓட வேண்டும், ஓடாதவள் அடுத்த லாரி வரைக்கும் எச்சிலை விழுங்கிக்கொண்டு இருக்க வேண்டும். ஊரில் கல்யாணத் தேதி குறிப்பதென்றாலும் காது குத்துவதென்றாலும் நாள் நட்சத்திரம் பார்த்த பிறகு தவசிலிங்கத்தின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பத்திரிகை அடிப்பார்கள்.

சம்மனசு அந்த ஊரில் தவசிலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் பிழைத்த ஒரே ஆள். ஒரு காரியத்தைச் செய்யாதே என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கு அதைச் செய்யத் தோன்றும். புருசன் சூசை கடலுக்குப் போனவன், கடலே நன்றாக இருக்கிறது என்று அங்கேயே இருந்துவிட்டான், அது வேறு கதை. பொம்பளைக்கு எதற்கு ஸ்டியரிங் என்று அவன் வீட்டார் கேட்ட மறுவாரம் அவள் தாலிக்கொடியைக் கொடுத்து, பழைய ஜமீன் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த அந்தக் காரை வாங்கினாள். ஊரில் இருக்கிற யாரும் பிறப்பதற்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய வண்டி அது, தவளை குந்தியிருப்பது போல முதுகு, அந்த முதுகில் ஒரே வளைவாக ஒரு பின்கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி விரல் பருமனில் கறுப்பு ரப்பர். இன்ஜின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல், உப்பூரணியில் கிளப்பினால் பக்கத்து ஊரில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்பான். கல்யாணப் பெண்ணை ஏற்றுவதற்கும் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் சுற்று வட்டாரத்தில் அந்தப் பிளசர்தான்.

வைகாசியில் ஒரு நடுப்பகல். தார்ரோடு உருகி டயரைப் பிடித்து இழுக்கிற வெயில். பின்சீட்டில் செக்கடி வீட்டுக் கல்யாணப் பெண், இரண்டு பக்கமும் நாத்தனார்கள். பெண்ணின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது, அவள் வியர்வை என்று நினைத்தாள், அடுத்தது விழுந்தது, நாத்தனார் பன்னீர் தெளிக்கிறாள் என்று நினைத்தாள், அதற்குப் பிறகு நினைக்க நேரம் இல்லை. சம்மனசு திரும்பிப் பார்த்தபோது, பின்கண்ணாடியின் மேல்விளிம்பில் கருவாடு போலக் காய்ந்து வெடித்திருந்த ரப்பரின் வழியாக, சாரலும் காற்றும் மண்வாசனையும் கலந்து, தூரத்து இடியோடு, சீட்டின் அகலத்துக்கு ஒரு முழு மழை இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே ரோட்டில் கானல் ஓடியது.

மண்டபத்தில் இறங்கிய பெண்ணைப் பார்த்துப் பெண்ணின் தகப்பனார், "என்ன சம்மனசு இது, பட்டுச்சேலையாச்சே," என்றார்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ரப்பர் போச்சு மாமா. மாத்தணும்," என்றாள்.

அவரும் தலையை ஆட்டினார். ரப்பர் போனால் ஒழுகத்தானே செய்யும். அந்த ஒரு விளக்கம் ஊருக்குப் போதுமாக இருந்தது. வானத்தில் இல்லாத மழை வண்டிக்குள் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை, கேட்ட ஒரே ஆள் வெளியூரிலிருந்து வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட், அவரையும் ரப்பரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், தொட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

சம்மனசு ரப்பர் தேடி மதுரைக்குப் போனாள். பழைய சாமான் கடை ஒவ்வொன்றிலும் ஜீப்புக்குக் காட்டினார்கள், பஸ்ஸுக்குக் காட்டினார்கள், ஒருவர் குக்கருக்குக் கூடக் காட்டினார். அவளுடைய வண்டிக்கு இல்லை. ஊர் திரும்பி வந்து, மறுநாள் காலையில் வாசலில் நிறுத்தி வண்டியைக் கிளப்பிவிட்டு வீட்டுக்குள் போய்த் திரும்பியபோது, பக்கத்து வீட்டுச் செய்யதம்மாள் பின்கதவுக்கு அடியில் ஒரு குடத்தை வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"லாத்தா, என்ன பண்றீக?"

"வீணாத்தான போவுது," என்றாள் செய்யதம்மாள். பிறகு உள்ளங்கையில் ஒரு வாய் ஏந்திக் குடித்தாள். "அடியே சம்மனசு, இனிக்குதுடி. ரப்பரு மாத்துறேன் கிப்பரு மாத்துறேன்னு கெளம்பின, காலை ஒடிச்சுருவேன்."

இன்ஜின் ஓடினால் மழை, அணைத்தால் வெயில் என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. தகரம் அடிக்கிறவர் பின்கதவுக்கு அடியில் ஒரு சாய்ப்புத் தகரம் பொருத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றி, குடத்தைக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு வண்டி பேச வருகிறவர்கள் மழையோடு வேண்டுமா மழையில்லாமல் வேண்டுமா என்ற பேச்சே எடுப்பதில்லை, மழையில் நனையாத பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பின்சீட்டுத் தரைவிரிப்பில் யாரோ சிந்திய நெல் முளைத்து ஒரு சாண் வளர்ந்தது, அதில் தவளை வந்தது, தவளையைத் தேடி ஒரு கொக்கு வந்து பின்கதவுக் கண்ணாடியில் தலையை விட்டுக்கொண்டு அவள் கூடவே ஊரெல்லாம் சவாரி போனது. ஊருக்கு எதிரில் அழ முடியாதவர்கள், மகன் பணம் அனுப்பாத தகப்பன்மாரும் மருமகளிடம் தோற்ற மாமியார்களும், சாயல்குடி வரைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி ஏறி, மழைக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு, முகம் துடைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் இறங்கிப் போனார்கள்.

சண்டை வராமல் இல்லை. இது மாதா கொடுத்த மழை என்றார் சாமியார். மழைத்தொழுகை தொழுதது நாங்கள் என்றார் பள்ளிவாசல் லெப்பை. அய்யனாருக்குக் கிடா வெட்டியதை எல்லோரும் மறந்துவிட்டீர்களா என்று பூசாரி கேட்டார். மூன்று பேரையும் சம்மனசு பின்சீட்டில் ஒன்றாக உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், இறங்கும்போது மூன்று பேரும் ஒரே துண்டில் தலை துவட்டிக்கொண்டு இறங்கினார்கள், அதோடு அந்தப் பேச்சு நின்றது.

தவசிலிங்கத்தின் லாரி வந்து நின்று ஆரன் அடித்தது. யாரும் ஓடவில்லை. இன்னொரு தடவை அடித்தது. ஒரு நாய் எழுந்து போய் டயரை மோந்து பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது.

மறுநாள் தவசிலிங்கமே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, சிரித்த முகம். அவர் சிரிக்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்று ஊருக்குத் தெரியும்.

"என்ன தங்கச்சி, வண்டி ஒழுகுதாமே."

"ஒழுகத்தான் செய்யுது அண்ணாச்சி."

"ஒழுகுற வண்டியில சனத்த ஏத்துறது சட்டப்படி தப்புல்லா."

"நனையிற சனம் யாரும் தப்புங்கலையே."

"சனத்துக்கு என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் போனார். அடுத்த வாரம், வண்டி ஓடத் தகுதி என்று எஃப்.சி. கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான, எதற்கும் சிரிக்காத மனிதர். இன்ஜினைக் கிளப்பச் சொல்லிப் பின்கதவைத் திறந்தார், முகத்தில் மழை அடித்தது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஏம்மா, இப்படி ஒழுகினா எஃப்.சி. எப்படிக் குடுக்கிறது. அடுத்த சந்தைக்குள்ள ரப்பரை மாத்து. இல்லேன்னா வண்டிய இழுத்துட்டுப் போயி டெப்போவில போட்டுருவோம். அப்புறம் துருப்பிடிச்ச தகரமாத்தான் திரும்பி வரும்," என்றார்.

"இந்த வண்டிக்கு ரப்பர் கெடைக்கலையே சார்."

"அதை நான் பாத்துக்கறேன்," என்றது பின்னால் ஒரு குரல். தவசிலிங்கம். எங்கேயோ வடக்கே ஒரு ரப்பர் பட்டறையில் அச்சு செய்து வார்க்கச் சொல்லி, புதுப் பாம்பு போலப் பளபளவென்று ஒரு ரப்பரைச் சுருட்டித் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு, சீர் கொண்டுவருவது போல ஆள் விட்டு அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

அன்று சம்மனசு சாப்பிடவில்லை. ரப்பரை மாற்றினால் ஊர் மறுபடி லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும். மாற்றாவிட்டால் வண்டி போய்விடும், வண்டி இல்லாத சம்மனசு யாரோ ஒருவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சோறு தின்ன வேண்டும். வண்டியைப் பனங்காட்டுக்குள் ஒளித்து வைக்கலாம் என்று செய்யதம்மாள் சொன்னாள். இன்ஸ்பெக்டரையே ஒளித்து வைக்கலாம் என்று வேறொருவர் சொன்னார். சம்மனசு தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "ஒளிக்கவெல்லாம் மாட்டேன். சந்தைத் திடல்ல, எல்லாரும் பாக்க வச்சுத்தான் மாத்துவேன். அந்தாளு என்னைத் தோக்கடிக்கிறதா இருந்தா வெயில்ல நின்னு தோக்கடிக்கட்டும்," என்றாள்.

சந்தை நாளில் பிளசரைத் திடலின் நடுவில் நிறுத்தினாள். மெக்கானிக் சீனி நைனா சாமான்களோடு வந்தார். ஊரே வட்டமாக நின்றது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாற்காலி, தவசிலிங்கத்துக்கு ஒரு நாற்காலி, தவசிலிங்கம் உட்காரவில்லை.

சீனி நைனா பழைய ரப்பரைப் பிளேடால் கீறி உரித்தார். கண்ணாடியை இரண்டு பேர் பிடித்துக் கோணிச்சாக்கின் மேல் படுக்க வைத்தார்கள். அவர் இன்ஜினைக் கிளப்பச் சொன்னார், சம்மனசு கிளப்பினாள். மழை இல்லை. வெறும் ஓட்டை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெயில். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். சம்மனசு இன்ஜினை அணைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் இறங்கி வந்தாள்.

புது ரப்பரைக் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி மாட்டினார் சீனி நைனா. அந்த ரப்பருக்கு ஒரு பக்கம் மெல்லிய உதடு உண்டு. உதட்டின் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, கண்ணாடியை வெளியிலிருந்து ஓட்டையில் வைத்து அழுத்த வேண்டும். உள்ளே இருக்கிறவன் கயிற்றை இழுக்க இழுக்க, சட்டைக் காலரை எடுத்து விடுவது போல உதடு ஓட்டையின் விளிம்புத் தகட்டைத் தாண்டி உள்பக்கம் ஏறிக்கொள்ளும். உதடு இருக்கிற பக்கம் உள், இல்லாத பக்கம் வெளி, அவ்வளவுதான் அந்த வேலை. சீனி நைனா சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுப் பின்சீட்டுக்குள் ஏறப் போனார்.

"நில்லும்," என்றார் தவசிலிங்கம். "உள்ள போயி என்ன பண்ணப் போறீர்?"

"கயிற இழுக்கணும்ல அண்ணாச்சி."

"உள்ள நீர் என்னத்தை இழுக்கிறீர்னு வெளிய நிக்கிற எனக்கு எப்படித் தெரியும்? ஒரு இடத்துல ஏத்தாம விட்டுட்டு, எல்லாம் ஏறியாச்சும்பீர். சாயந்திரம் அந்தச் சந்து வழியா மறுபடி ஒழுகும்."

தவசிலிங்கம் அப்படித்தான் நினைப்பார். அவருடைய டேங்கர்களுக்கு உள்ளே குறுக்கே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்திருந்தது, முக்கால் டேங்க் தண்ணீரை முழு டேங்க் என்று விற்று வளர்ந்த மனிதர் அவர். உள்ளே நடப்பது வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது என்பதை வைத்தே மாடி வீடு கட்டியவருக்கு, வேறொருவன் ஒரு வேலையை உள்ளே உட்கார்ந்து செய்தால் பொறுக்குமா.

"கயிறு வெளிய இருக்கட்டும். கண்ணாடிய உள்ள இருந்து வச்சு நீர் அழுத்தும். கயிற நான் இழுக்கேன், என் கண்ணு முன்னால."

சீனி நைனா தலையைச் சொறிந்தார். "அப்படிப் பண்ணினா உதடு வெளிய வந்துரும் அண்ணாச்சி. உள்பக்கம் வெளிய போயிரும், வெளிப்பக்கம் உள்ள வந்துரும்."

"வரட்டும். தண்ணி உள்ள வராம இருந்தாப் போதும்."

"இல்ல அண்ணாச்சி, ரப்பருக்குன்னு ஒரு மொறை இருக்கு..."

"எனக்கு மொறை சொல்ல வந்துட்டீரோ. ரப்பரு யாரு வாங்கினது?"

சீனி நைனா சம்மனசுவைப் பார்த்தார். அவள், அது தப்பு அண்ணாச்சி, என்று சொல்வதற்காக வாயைத் திறந்திருந்தாள். வாழ்க்கையில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக அவள் வாய் தானாகத் திறந்துவிடும், அன்றும் திறந்தது. ஆனால் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற தவசிலிங்கத்தின் கையைப் பார்த்தாள். தாம்பாளத்தில் வந்த ரப்பரைப் பார்த்தாள். உள், வெளி என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வாயை மூடினாள்.

"அண்ணாச்சி சொல்றபடியே செய்யுங்க நைனா," என்றாள்.

ஊர் திகைத்துப் போயிற்று. பின்சீட்டில் மழை பெய்தபோது இப்படி யாரும் திகைக்கவில்லை. சம்மனசு ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டாள் என்றால் இனி என்னதான் நடக்காது என்று செய்யதம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

சீனி நைனா ரப்பரைக் கழற்றித் திருப்பி மாட்டி, கண்ணாடியை உள்ளிருந்து வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். தவசிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் வியர்த்து வழிய, கயிற்றை இழுத்தார். ஒவ்வொரு விரற்கடையாக ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி வெளிப்பக்கம் வந்து படிந்தது. ஓர் இடம் விடவில்லை. மூலைகளைக் கட்டைவிரலால் தானே தடவிப் பார்த்தார். கடைசியில் கயிறு முழுவதும் அவர் கையோடு வந்தபோது, அவருடைய ஆட்கள் கை தட்டினார்கள்.

"அண்ணாச்சிக்குத் திருப்திதானா?" என்று கேட்டாள் சம்மனசு.

"பரம திருப்தி."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகள்ல," என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வெளியிலிருந்து கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். கைக்குட்டையால் ரப்பரைச் சுற்றித் துடைத்துப் பார்த்தார், கைக்குட்டை காய்ந்தே இருந்தது. இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னாலேயே எஃப்.சி.யில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, கதவு வழியாக அவளிடம் நீட்டிவிட்டார்.

"இப்ப கெளப்பு தங்கச்சி," என்றார் தவசிலிங்கம். "ஊரும் பாத்துட்டுப் போகட்டும்."

சம்மனசு கிளப்பினாள்.

பின்சீட்டில் ஒரு சொட்டு இல்லை. தவசிலிங்கம் நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவருடைய உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார், அடுத்தது நெற்றியில் விழுந்து திருநீற்றைக் கரைத்தது. அதற்குப் பிறகு திடலில், திடலைத் தாண்டி கோயில் தெருவில், பள்ளிவாசல் மினாராவில், மாதா கோயில் மணிக்கூண்டில், வறண்ட ஊரணியில், பனங்காட்டில், அந்த இன்ஜினின் சத்தம் எட்டுகிற தூரம் வரைக்கும், சாரலும் காற்றும் மண்வாசனையும் கலந்து, இடியோடு, முழு மழை இறங்கியது.

ரப்பருக்கு என்ன தெரியும். உதடு இருக்கிற பக்கம் உள் என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். இப்போது உதடு இருக்கிற பக்கத்தில் உப்பூரணி இருந்தது, உப்பூரணியின் வானமும் இருந்தது, அவ்வளவும் அந்தப் பிளசருக்கு உள்ளே ஆகிவிட்டது, பின்சீட்டு மட்டும் வெளியே ஆகிவிட்டது. வண்டிக்கு உள்ளே மழை பெய்வது உப்பூரணிக்குப் பழகிப்போன விசயம். திருப்பிப் போட்டால் வெளியே ஒழுகத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டே ஜனங்கள் குடம், அண்டா, பிள்ளை குளிக்கிற தொட்டி, காலியான மாட்டுக் காடித்தொட்டி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்து வைத்தார்கள். சாமியாரும் லெப்பையும் பூசாரியும் ஒரே சாக்கைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சார்," என்று கத்தினார் தவசிலிங்கம், இடிக்கு மேலே குரலை உயர்த்தி, "ஒழுகுதே சார், பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் கார்க் கண்ணாடியைக் கொஞ்சம்போல இறக்கினார். சுற்று வட்டாரத்திலேயே நனையாத ஆள் அவர் ஒருவர்தான். "வண்டிக்குள்ள ஒழுகக் கூடாதுன்னுதான் சட்டம்," என்றார். "வெளிய ஒழுகறதுக்கு எங்கிட்ட சட்டம் இல்ல." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தவசிலிங்கம் சீனி நைனாவின் பிளேடைப் பிடுங்கிக்கொண்டு பின்கண்ணாடியை நோக்கி வந்தார். சம்மனசு வண்டியை ஓடவிட்டபடியே இறங்கி, அவருக்கும் ரப்பருக்கும் நடுவில் வந்து நின்றாள். முடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"ஒதுங்கு."

"எஃப்.சி. முடிஞ்ச வண்டி அண்ணாச்சி. கவர்மென்ட் முத்திரை. இதுல ஒரு நட்டக் கழட்டணும்னாலும் என்னைக் கேக்கணும்."

"ரப்பரு என்னோடது."

"தாம்பாளத்துல வச்சு, வெத்தல பாக்கோட குடுத்தீக. சீரு குடுத்ததத் திருப்பிக் கேக்குற வழக்கம் உங்க பக்கம் உண்டா என்ன?"

செய்யதம்மாள் நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சம்மனசுவின் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி வந்தாள். குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் மழைச் சத்தத்திலும் கேட்டது. யாரும் நகரவில்லை. தவசிலிங்கம் அந்த வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிளேடை வைத்திருந்த கை இறங்கிவிட்டது.

"சரி, வண்டிய அணை," என்றார், கெஞ்சலும் மிரட்டலும் பாதிப் பாதியாக. "பெய்ஞ்ச வரைக்கும் போதும். ஊருணி ரொம்பிரும், எல்லாருக்கும் ஆச்சு. அணைச்சிரு தங்கச்சி, உனக்கு என்ன வேணுமோ நான் செய்யிறேன்."

"இந்த ஊருக்கு இப்போதைக்குப் போதுந்தான்," என்றாள் சம்மனசு. சேலைத் தலைப்பைப் பிழிந்து இடுப்பில் சொருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "சார், உங்கள முக்குரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போறேன்," என்றாள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். கியரைப் போட்டாள். வண்டி நகர, திடலின் ஒரு முனையிலிருந்து மழையும் கூடவே நகர்ந்தது.

தவசிலிங்கம் சேற்றில் செருப்பு ஒன்று போய், கூடவே நாலு எட்டு ஓடினார். "எங்க போற? ஏய், எந்த ஊருக்குப் போற?"

சம்மனசு தலையை வெளியே நீட்டி, மழைக்குள், அவர் காதில் விழுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"உங்க லாரி எந்தெந்த ஊருக்குப் போகுதோ அந்தந்த ஊருக்கு, அண்ணாச்சி."